செவ்வாயில் நான்கு பேர் வாழ ஒரு வீடு: என்னென்ன வேண்டும்?

ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் ஆக்ஸிஜனைச் சுவாசிக்கிறார். ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியே விடுகிறார். குடிக்கவும் சமைக்கவும் மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். கழுவுவது, துடைப்பது எல்லாம் சேர்த்தால், எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் பத்து லிட்டர் ஆகிவிடும். சாப்பாடு, பொட்டலத்தின் எடையோடு சேர்த்து, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பூமியில் இருக்கும்வரை இதையெல்லாம் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. வேறொரு கோளில் வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் உட்கார்ந்து போடுவது இந்தக் கணக்கைத்தான்.

செவ்வாயை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்து 24 மணி 39 நிமிடம், கிட்டத்தட்ட நம் நாள் அளவு. நிலத்தடியில் பல இடங்களில் உறைந்த தண்ணீர் இருக்கிறது. காற்று மெலிந்ததுதான், ஆனாலும் அதில் நமக்குப் பயன்படக்கூடிய மூலப்பொருள்கள் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்து அமைந்த இடம் பக்கத்தில் வேறு இல்லை.

நான்கு பேர் போகிறார்கள், 500 நாள் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பூமியும் செவ்வாயும் திரும்பி வர வசதியான நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குக் கிட்டத்தட்ட அவ்வளவு நாள் ஆகும். அவர்களுக்கு ஆக்ஸிஜன் 1.7 டன், தண்ணீர் 20 டன், சாப்பாடு மூன்றரை டன். ஆக மொத்தம் 25 டன். இதுவரை செவ்வாயின் தரையில் பத்திரமாக இறக்கப்பட்டவற்றில் மிகக் கனமானது நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி. அதன் எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும்.

எல்லாவற்றையும் பூமியிலிருந்தே கொண்டுபோவது ஆகாத காரியம் என்பது இதிலேயே தெரிந்துவிடும். ஒன்று, பயன்படுத்தியதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் அங்கே கிடைப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். பூமியிடம் எவ்வளவு குறைவாகக் கேட்டு வாழ முடிகிறதோ, அந்த அளவுக்கு அந்த வாழிடம் நீடித்து நிற்கும்.

சுவர் என்ன செய்ய வேண்டும்?

செவ்வாய் என்றதும் எல்லோருக்கும் குளிர் நினைவுக்கு வரும். சராசரியாக மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் என்பது பயமுறுத்தும் எண்தான். ஆனால் காற்று மிக மெல்லியது என்பதால், அது வீட்டின் வெப்பத்தை வேகமாக அள்ளிக்கொண்டு போகாது. நல்ல வெப்பக் காப்பு இருந்தால் குளிரைச் சமாளித்துவிடலாம். பொறியாளரை அதைவிட அதிகமாகக் கவலைப்படுத்துவது காற்றழுத்தம்.

வெளியே உள்ள அழுத்தம் பூமியின் கடல்மட்ட அழுத்தத்தில் ஒரு விழுக்காடுகூட இல்லை. உள்ளே நாம் வாழ்வதற்கேற்ற காற்றை நிரப்பினால், ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் கூரையையும் அது சுமார் 10 டன் எடைக்குச் சமமான விசையோடு வெளிநோக்கித் தள்ளும். பூமியில் கட்டடத்தின் வேலை மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவது. செங்கல்லும் கான்கிரீட்டும் நசுக்கும் விசையை நன்றாகத் தாங்கும், இழுத்தால் விரிசல் விட்டுவிடும். செவ்வாயில் கூரை கீழே விழப் பார்க்காது, மேலே பறக்கப் பார்க்கும். சுவர் எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். நாம் வழக்கமாகக் கட்டும் பெட்டி வடிவ வீட்டை அங்கே கட்டினால் மூலைகளில் விசை குவிந்து பிளந்துவிடும். உருண்டை, உருளை, முட்டை வடிவங்கள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

கூரை மேல் மண்ணைக் குவித்து அழுத்திப் பிடித்தால் என்ன என்று கேட்கலாம். நல்ல யோசனைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 விழுக்காடுதான். அதனால் 10 டன் விசையை ஈடுகட்ட, ஒரு சதுர மீட்டருக்கு 26, 27 டன் மண் வேண்டும். தளர்வான மண் என்றால் அது 17, 18 மீட்டர் உயரக் குவியல். ஆறு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு மண்ணைக் கொட்ட வேண்டும்.

உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைத்தால் இந்தச் சுமையும் குறையும். 1970களில் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் கடல்மட்ட அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. ஆக்ஸிஜன் விகிதத்தைக் கூட்டி மூச்சுக்கு வழி செய்திருந்தார்கள். ஆனால் ஆக்ஸிஜன் விகிதம் கூடினால் தீ சுலபமாகப் பற்றும். 1967 ஜனவரியில் அப்போலோ 1 கலத்துக்குள் தூய ஆக்ஸிஜனில் பற்றிய தீ, தரையில் நடந்த சோதனையின்போதே மூன்று வீரர்களைக் கொன்றது. இப்போது நாசா நிலா, செவ்வாய்ப் பயணங்களுக்கு யோசித்து வைத்திருப்பது நடுவாந்தரமான ஓர் அளவு: கடல்மட்டத்தில் ஏறக்குறைய 56 விழுக்காடு அழுத்தம், 34 விழுக்காடு ஆக்ஸிஜன்.

சுவருக்கான பொருள்களில் மூன்று வழிகள் நம்பிக்கை தருகின்றன. ஒன்று, மடித்து எடுத்துப்போய் அங்கே காற்றடித்து விரிக்கும் துணி அறை. பீம் என்ற அப்படியோர் அறை 2016-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தி விரிக்கப்பட்டது. இரண்டாண்டுச் சோதனைக்காகப் போனது, அதைத் தாண்டியும் நன்றாகவே உழைத்தது. இரண்டு, முப்பரிமாண அச்சு. நாசா நடத்திய போட்டியில் 2019-இல் முதல் பரிசு பெற்ற மார்ஷா வடிவமைப்பு, பசால்ட் என்ற எரிமலைப் பாறையிலிருந்து எடுத்த இழையையும் தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்கையும் கலந்து அச்சிடப்பட்டது. செவ்வாயில் பசால்ட்டுக்குப் பஞ்சமே இல்லை. மூன்றாவது, கந்தகத்தை உருக்கி மண்ணோடு கலந்து செய்யும் கான்கிரீட். இதற்குத் தண்ணீர் வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் இதுவும் இழுவிசையைத் தாங்காது, எனவே உள்ளே ஊதிய அறைக்கு வெளி ஓடாகத்தான் பயன்படும்.

வெளி ஓடு எதற்கு? கதிர்வீச்சுக்கு. செவ்வாய்க்குப் பூமியைப் போலக் கோள் முழுவதற்குமான காந்தப்புலம் இல்லை, தடித்த வளிமண்டலமும் இல்லை. உடலில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். கியூரியாசிட்டி ஊர்தி தரையில் அளந்தது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.67 மில்லிசீவர்ட். ஆண்டுக்கு 240 தாண்டும். பூமியில் இயற்கையாக நம் மேல் விழுவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஒரு விண்வெளி வீரரின் பணிக்காலம் முழுவதற்கும் நாசா வைத்திருக்கும் வரம்பு 600. போகிற வழியில் நாளொன்றுக்கு 1.8 வீதம் வாங்குவதையும் சேர்த்தால், ஒரே பயணத்தில் வரம்பு தாண்டிவிடும். பயணத்தில் வாங்குவதைப் பெரிதாகக் குறைக்க முடியாது. தரையில் இருக்கும்போதாவது குறைக்க வேண்டும்.

அதற்கு இரண்டு மூன்று மீட்டர் மண் போர்வை போதும். தண்ணீர், பனிக்கட்டி போல ஹைட்ரஜன் நிறைந்த பொருள்கள் இன்னும் நன்றாகத் தடுக்கும். மெல்லிய உலோகத் தகடு மட்டும் இருந்தால், வேகமான துகள்கள் அதில் மோதிச் சிதறி வேறு துகள்களை உண்டாக்கிவிடும். பழைய எரிமலைக் குழம்பு ஓடிய குகைகளுக்குள் குடியேறலாம் என்ற யோசனையும் உண்டு. ஆர்சியா மோன்ஸ் எரிமலையின் சரிவில் அப்படிக் குகை வாய் போலத் தெரியும் குழிகளைச் செயற்கைக்கோள்கள் 2007-இல் படம்பிடித்தன. பளபளக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் பச்சைப்பசேல் நகரம் இருப்பதுபோல வரையப்படும் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் கதிர்வீச்சைக் கண்ணாடி தடுக்காது. என்னைக் கேட்டால், முதல் தலைமுறை வீடுகள் மண்ணுக்குள்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

தண்ணீரும் காற்றும்

சுவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உள்ளே காற்றும் தண்ணீரும் சுற்றிவராவிட்டால் அது வெறும் குகைதான். தண்ணீரை மீட்பதில் நமக்கு நல்ல அனுபவம் இருக்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பரிலிருந்து மனிதர்கள் இடைவிடாமல் வாழ்கிறார்கள். அங்கே வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்தம் செய்து மறுபடி குடிக்கிறார்கள். 2023-இல் மீட்பு அளவு 98 விழுக்காட்டை எட்டியது.

இந்த எண்ணின் அருமை நம் கணக்கில் போட்டால் புரியும். நான்கு பேருக்கு 500 நாளில் 20 டன் தண்ணீர் தேவை என்று பார்த்தோம். 98 விழுக்காடு திரும்பக் கிடைத்தால் இழப்பு 400 லிட்டர்தான். 90 விழுக்காடு மட்டும் கிடைத்தால் இழப்பு 2,000 லிட்டர். முதல் தொண்ணூறு சுலபம், கடைசி எட்டுதான் கடினம், லாபமும் அதில்தான்.

அந்தக் கடைசிப் பகுதி ஏன் கடினம் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். சிறுநீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி நிலையத்துக்குப் போன புதிதில் அடைத்துக்கொண்டது. பூமியில் நடந்த சோதனைகளில் வராத அடைப்பு. எடையின்மையில் வீரர்களின் எலும்பு கரைகிறது, கரைந்த கால்சியம் சிறுநீரில் வருகிறது. கருவியில் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது சேர்ந்து கால்சியம் சல்பேட்டாகப் படிந்துவிட்டது. மீட்பு அளவைக் குறைத்து ஓட்டினார்கள், பிற்பாடு அமிலத்தை மாற்றினார்கள். எனக்கு இந்த ஒரு நிகழ்ச்சி இத்துறையைப் பற்றி நிறையச் சொல்கிறது. இத்தகைய வீட்டில் உடல் வேறு, குழாய் வேறு என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. எலும்பில் நடப்பது பம்பில் தெரியும்.

ஆக்ஸிஜனுக்கு நிலையத்தில் தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கிறார்கள். வீரர்கள் மூச்சில் விட்ட கரியமில வாயுவோடு, அப்படிப் பிரியும் ஹைட்ரஜனைச் சேர்த்தால் தண்ணீரும் மீத்தேனும் கிடைக்கும். தண்ணீர் திரும்ப உள்ளே வரும், மீத்தேன் விண்வெளிக்குப் போய்விடும். அதோடு ஹைட்ரஜனும் போவதால், இந்தச் சுற்று பாதியளவுதான் மூடியிருக்கிறது.

செவ்வாயில் இன்னொரு வழி உண்டு. அங்குள்ள காற்றில் 95 விழுக்காடு கரியமில வாயு. அதைச் சுமார் 800 டிகிரி வரை சூடாக்கி மின்சாரம் செலுத்தினால் ஆக்ஸிஜனைப் பிரித்தெடுக்கலாம். பெர்சிவரன்ஸோடு போன மாக்ஸி என்ற கருவி 2021 ஏப்ரல் 20 அன்று இதைச் செய்து காட்டியது. வேறொரு கோளின் பொருளிலிருந்து மனிதன் ஆக்ஸிஜன் எடுத்தது அதுவே முதல் முறை. இரண்டாண்டுகளில் 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம் தந்தது. உச்சமாக மணிக்கு 12 கிராம். ஒருவருக்கு மணிக்கு 35 கிராம் வேண்டும். அதாவது, சிறிய பெட்டியளவு கருவி ஒருவரின் மூச்சில் மூன்றில் ஒரு பங்கைத் தர முடிந்திருக்கிறது. பெரிதாகக் கட்டினால் போதும், கொள்கையளவில் தடை இல்லை.

நைட்ரஜனைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். நம் காற்றில் அது 78 விழுக்காடு. தீ எளிதில் பற்றாமல் காப்பதும் அதுதான், செடிக்கு உரமாவதும் அதுதான். செவ்வாய்க் காற்றில் அது மூன்று விழுக்காடுகூட இல்லை. வெளியே போய்வரும் இரட்டைக் கதவு அறையில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று தப்பும். ஆக்ஸிஜனைத் தயாரித்துவிடலாம். தப்பிய நைட்ரஜனைச் சேர்க்க, மெலிந்த காற்றை நிறைய உறிஞ்சி அழுத்திப் பிரிக்க வேண்டும்.

அரிசோனாவில் என்ன நடந்தது?

இதையெல்லாம் இயந்திரங்களை விட்டுவிட்டு, செடி, மண், நுண்ணுயிர்களை வைத்தே செய்யலாமே என்று தோன்றும். பூமி அப்படித்தானே செய்கிறது? இதை உண்மையிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஆரக்கிள் என்ற சிற்றூருக்கு அருகே, பாலைவனத்தில் பயோஸ்பியர் 2 என்ற மாபெரும் கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. மூன்று ஏக்கருக்கும் சற்று அதிகப் பரப்பு. உள்ளே ஒரு சிறு மழைக்காடு, புல்வெளி, பவளப்பாறையோடு ஒரு குட்டிக் கடல், சதுப்பு நிலம், பாலை, வயல். அடியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு போட்டு மண்ணோடு தொடர்பே இல்லாமல் மூடியிருந்தார்கள். பகலில் காற்று விரிந்து கண்ணாடி உடையாமலிருக்க, ரப்பர் சவ்வு ஏறி இறங்கும் இரண்டு பெரிய ‘நுரையீரல்’ அறைகள். 1991 செப்டம்பர் 26 அன்று நான்கு ஆண்கள், நான்கு பெண்கள், மொத்தம் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். இரண்டாண்டு கழித்து அதே நாளில் வெளியே வந்தார்கள்.

நடுவில் ஆக்ஸிஜன் குறையத் தொடங்கியது. ஆரம்பத்தில் 20.9 விழுக்காடு. மாதத்துக்கு மாதம் இறங்கி, 16 மாதத்தில் 14 விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். படியேறினால் மூச்சு வாங்கியது, தூக்கம் கெட்டது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்ஸிஜன் ஏற்றினார்கள்.

எங்கே போயிற்று அந்த ஆக்ஸிஜன்? கட்டடம் கசியவில்லை. உண்மையில் அவ்வளவு இறுக்கமாகக் கட்டியது பெரிய சாதனை. காரணம் வயலில் இருந்தது. பயிர் நன்றாக வளர வேண்டும் என்று மட்கிய பொருள் நிறைந்த கொழுத்த மண்ணைப் போட்டிருந்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்கள் அந்த மட்கை உண்டு, ஆக்ஸிஜனை எடுத்து, கரியமில வாயுவை விட்டன. செடிகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அப்படியானால் கரியமில வாயு அதே அளவு ஏறியிருக்க வேண்டுமே? ஏறவில்லை. இந்தப் புதிரை விஞ்ஞானிகள் வாலஸ் புரோக்கரும் ஜெஃப் செவரிங்ஹாஸும் கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் வேறுபடும் கார்பன் அணுக்களை, அளந்து விடுவித்தார்கள். புதிதாகப் போட்ட கான்கிரீட் கரியமில வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றிக்கொண்டிருந்தது. அந்த வாயு செடிக்குப் போயிருந்தால் ஆக்ஸிஜன் திரும்ப வந்திருக்கும். சுவருக்குள் போனதால் ஆக்ஸிஜனும் அதோடு அடைபட்டுவிட்டது. சுவரை வெறும் சுவர் என்று நினைத்தார்கள், அதுவும் மூச்சில் பங்கு கேட்டது.

அதே காலத்தில் வழக்கத்துக்கு மாறான மேகமூட்டம் வேறு. வெயில் குறைந்ததால் விளைச்சல் குறைந்தது. மகரந்தம் பரப்பும் பூச்சிகள் அழிந்துபோயின. கரப்பானும் ஒருவகை எறும்பும் பெருகின. சாப்பாட்டில் பெரும்பகுதியை அவர்களே விளைவித்தார்கள் என்பது உண்மை, ஆனால் எப்போதும் பசி, எல்லோரும் மெலிந்தார்கள். ஒரு பீட்சா செய்யத் தனக்கு நான்கு மாதம் ஆனது என்று அவர்களில் ஒருவரான ஜேன் பாய்ண்டர் பின்னாளில் சொன்னார். கோதுமை விளைய வேண்டும், ஆட்டுப்பாலில் சீஸ் ஆக வேண்டும். இதற்கிடையே எட்டுப் பேரும் நான்கு நான்காகப் பிரிந்து பேச்சே குறைந்துவிட்டது. அப்படியிருந்தும் யாரும் வேலையை நிறுத்தவில்லை.

அப்போது பல பத்திரிகைகள் இதைத் தோல்வி என்று எழுதின. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூடிய வாழிடம் பற்றி இதைவிட அதிகம் கற்றுக்கொடுத்த சோதனை வேறு இல்லை. அது கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது அளவைப் பற்றியது. ஏரியில் ஒரு கை உப்பைப் போட்டால் ஒன்றும் தெரியாது, குடத்தில் போட்டால் குடிக்க முடியாது. பூமியின் காற்றும் கடலும் அவ்வளவு பெரியவை, ஒரு வட்டாரத்தில் நடக்கும் தவறு அதில் கரைந்துவிடும், சரியாவதற்கு நேரமும் கிடைக்கும். பயோஸ்பியர் 2-க்குள், ஒரு மேகமூட்டமான நாளுக்கும் வெயில் நாளுக்கும் இடையிலேயே கரியமில வாயு அளவு கண்கூடாக மாறியது. எட்டுப் பேருக்கு மூன்று ஏக்கரே இவ்வளவு சிறிய குடம் என்றால், செவ்வாயில் நான்கு பேர் இருக்கப்போகும் சில அறைகள் எவ்வளவு சிறியவை!

ஆகவே இத்தகைய வீட்டை வடிவமைப்பவர்கள் சேமிப்புக்கு முதலிடம் தர வேண்டும் என்று நினைக்கிறேன். தேவையைவிடக் கூடுதல் ஆக்ஸிஜன் தொட்டி, கூடுதல் தண்ணீர், சில மாதத்துக்கான உலர்ந்த உணவு. செடிகள் காற்றைச் சுத்தம் செய்யட்டும், ஆனால் அதே வேலையைச் செய்யும் இயந்திரமும் பக்கத்தில் தயாராக இருக்கட்டும்.

சோற்றுக்கு எவ்வளவு மின்சாரம்?

உணவு பற்றிப் பேசும்போது கீரைப் படங்கள்தான் கண்ணில் படும். 2015-இல் விண்வெளி நிலையத்தில் விளைந்த சிவப்பு லெட்டூஸ் கீரையை வீரர்கள் சாப்பிட்டது மகிழ்ச்சியான செய்திதான். 2018-இல் அண்டார்டிகாவில் ஜெர்மனியின் நியூமாயர் நிலையத்துக்கு அருகே வைத்த ஈடன் பசுமைக்கூடத்தில், 12.5 சதுர மீட்டரில் ஒன்பதரை மாதத்தில் 268 கிலோ காய்கறி எடுத்தார்கள். அருமையான விளைச்சல். ஆனால் அதில் பெரும்பகுதி கீரை, வெள்ளரி, தக்காளி. கிலோவுக்கு 150, 160 கலோரிதான் வரும். கணக்குப் போட்டால், அவ்வளவும் சேர்ந்து ஒருவருக்கு இரண்டரை வாரச் சாப்பாடு. மனதுக்கும் வைட்டமினுக்கும் அது அவசியம். வயிறு நிறைய அரிசி, கோதுமை, கிழங்கு, பயறு, எண்ணெய் வித்து வேண்டும்.

அதற்கு வெளிச்சம் எவ்வளவு? ஒருவர் நாளொன்றுக்கு 2,500 கலோரி சாப்பிடுகிறார் என்றால், சராசரியாக 120 வாட் ஆற்றல். விளக்குக்குக் கொடுக்கும் மின்சாரத்தில், உண்ணும் பகுதியாக நமக்குத் திரும்பி வருவது நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான். விளக்கில் கொஞ்சம் போகும், இலையில் நிறையப் போகும், தண்டிலும் வேரிலும் பாதி போகும். ஆக ஒருவரின் சாப்பாட்டுக்கு மட்டும் இரவு பகலாக 6 முதல் 12 கிலோவாட். நான்கு பேருக்கு 25 முதல் 50. பெர்சிவரன்ஸ் ஊர்தியின் அணு மின்கலம் தருவது 110 வாட். உணவுப் பிரச்சினை என்று நாம் சொல்வது அடியில் மின்சாரப் பிரச்சினை.

சூரிய ஒளியை நேரடியாகப் பயன்படுத்தலாம்தான். செவ்வாயில் அது பூமியில் விழுவதில் 43 விழுக்காடு. தூசிப் புயல் வந்தால் அதுவும் போய்விடும். 2018-இல் கோளையே மூடிய புயலில், 14 ஆண்டு உழைத்த ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி ஜூன் 10-க்குப் பிறகு பேசவே இல்லை. இன்சைட் கலமும் சூரியப் பலகைகளில் தூசி படிந்தே 2022 டிசம்பரில் அடங்கியது. வாரக்கணக்கில் இருட்டானால் ஊர்தி தூங்கலாம், மனிதர் மூச்சு விடாமல் இருக்க முடியாது. அதனால் சிறிய அணு உலையும் வேண்டும் என்பதே பலரின் முடிவு. 2018-இல் நெவாடாவில் நாசா சோதித்த கிலோபவர் உலை அந்தத் திசையில் ஒரு நல்ல அடி. ஓர் உலை பத்து கிலோவாட் வரை தரும்படி அதைப் பெருக்கலாம்.

உணவைப் பகுதியாக விளைவித்து, மிச்சத்தைக் கொண்டுபோவதே இப்போதைக்குப் புத்திசாலித்தனம். சைபீரியாவின் கிரஸ்னயார்ஸ்கில் 1972-இல் கட்டிய பயோஸ்-3 என்ற மூடிய அறையில், மூன்று பேர் குழு ஆறு மாதம் வாழ்ந்தது. கோதுமையும் காய்கறியும் குளோரெல்லா என்ற பாசியும் காற்றைக் கிட்டத்தட்ட முழுவதும் புதுப்பித்தன. உணவில் ஒரு பகுதி வெளியிலிருந்தே போனது. பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தில் 2017, 2018-இல் மாணவர்கள் இரண்டு குழுவாக மாறி மாறி இதுபோன்ற மூடிய வாழிடத்தில் 370 நாள் இருந்தார்கள். செடியின் உண்ண முடியாத பகுதியைப் புழுக்களுக்குப் போட்டு, அந்தப் புழுக்களைப் புரதமாக உண்டார்கள். நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும், ஆனால் தண்டும் இலையும் வீணாகாமல் இருக்க அது நல்ல வழி.

செவ்வாய் மண்ணில் நேரடியாகப் பயிரிடலாமா என்றால், அப்படியே முடியாது. 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் அந்த மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டுபிடித்தது. தைராய்டைக் கெடுக்கும் உப்பு அது. தண்ணீரில் கரையும் என்பதால் கழுவி எடுக்கலாம். அப்புறம் மட்கு சேர்க்க வேண்டும், நுண்ணுயிர் சேர்க்க வேண்டும். முதல் ஆண்டுகளில் மண் இல்லாமல் சத்துநீரில் வளர்ப்பதே நடக்கும். அதே உப்புள்ள நுண்தூசி உடையில் ஒட்டி வீட்டுக்குள் வரக்கூடாது. அதற்காகவே உடையை வெளிச்சுவரில் மாட்டிவைத்து, முதுகுப்பக்கக் கதவு வழியாக உள்ளிருந்தே அதற்குள் நுழையும் ஏற்பாட்டை வடிவமைத்திருக்கிறார்கள்.

உள்ளே இருப்பவர்கள்

மாஸ்கோவில் 2010 ஜூனிலிருந்து 2011 நவம்பர் வரை ஆறு ஆண்கள், செவ்வாய்ப் பயணத்துக்கு ஒத்திகையாக, 520 நாள் ஒரு மூடிய கலத்தில் இருந்தார்கள். நாள் போகப்போக நடமாட்டம் குறைந்தது, படுக்கையில் கழித்த நேரம் கூடியது. ஒருவரின் தூக்க நேரம் மெல்ல நகர்ந்து, மற்றவர் விழித்திருக்கையில் இவர் தூங்கும் நிலை வந்தது. வெயில் படாத வீட்டில் விளக்கின் நிறமும் நேரமும் மருந்து போல முக்கியம். காலையில் நீலம் கலந்த வெளிச்சம், மாலையில் மஞ்சள் வெளிச்சம். தனியாகக் கதவைச் சாத்திக்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அறை. எல்லோரும் சேர்ந்து உண்ண ஒரு மேசை. பூமியோடு பேசினால் குரல் போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம், பதில் வர அதே அளவு. வீட்டோடு உரையாடல் என்பது இராது, கடிதம்தான்.

ஈர்ப்பு 38 விழுக்காடு என்பது உடலை என்ன செய்யும் என்று இதுவரை யாரும் அளந்ததில்லை. பூமியைவிடக் குறைந்த ஈர்ப்புள்ள தரையில் மனிதர் அதிகமாக இருந்தது 1972-இல் அப்போலோ 17 பயணத்தில், நிலாவில், மூன்று நாளைக்குச் சற்று மேல். எலும்பு எவ்வளவு கரையும், கருவில் குழந்தை எப்படி வளரும் என்பதெல்லாம் திறந்த கேள்விகள். குடும்பங்கள் குடியேறும் நகரம் பற்றி உறுதியாகப் பேசுவதற்கு முன் இவற்றுக்கு விடை தேட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கடைசியாக, பழுது. விண்வெளி நிலையத்தில் ஏதாவது உடைந்தால் சில வாரத்திலோ மாதத்திலோ சரக்குக் கலம் உதிரிப் பாகத்தோடு வரும். செவ்வாய்க்குக் கலம் புறப்பட நல்ல வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான். பயணத்துக்கே ஆறேழு மாதம். உடைவது பெரிய பொருள்கள் இல்லை: மின்விசிறி, வடிகட்டி, வால்வு, பம்ப், ரப்பர் வளையம். அதனால் தண்ணீர்க் கருவியிலும் காற்றுக் கருவியிலும் பசுமைக்கூடத்திலும் ஒரே அளவு பம்ப், ஒரே அளவு திருகு என்று வைத்தால், ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். எந்தக் கருவியையும் கையுறை போட்ட கையால், கைவிளக்கு வெளிச்சத்தில் பிரிக்க முடிய வேண்டும். திறமை சற்றுக் குறைவானாலும் பழுதுபார்க்க எளிதான கருவியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஹூஸ்டனில் உள்ள நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில், செவ்வாய் வாழ்க்கையை ஒத்திகை பார்க்க முப்பரிமாண அச்சில் கட்டிய 1,700 சதுர அடி வீடு ஒன்று இருக்கிறது. 2023 ஜூனில் உள்ளே போன நான்கு பேர் 378 நாள் கழித்து 2024 ஜூலை 6 அன்று வெளியே வந்தார்கள். 2025 அக்டோபரில் இரண்டாவது குழுவும் உள்ளே போனது. அவர்களுக்கு வைக்கப்படும் சோதனைகளில் தாமதமாக வரும் செய்தியும், அளந்து தரப்படும் பொருள்களும், வேண்டுமென்றே பழுதாக்கப்படும் கருவிகளும் உண்டு.